உன் விரலில் எடுத்த ரத்தம்

இன்று மாலை எங்கள் தெருவில் கொசு மருந்துப் புகை அடித்துக்கொண்டு போனார்கள். நான் ஜன்னலைச் சாத்துவதற்குள் அந்த வாடை வீட்டுக்குள் வந்துவிட்டது. மண்ணெண்ணெயோடு அழுகிய பூண்டைச் சேர்த்துக் காய்ச்சியது போன்ற வாடை. பேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் கையில் இருந்த துணியோடு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். இந்த வாடையை நான் முதன்முதலில் உன் புடவையில்தான் முகர்ந்தேன்.

நீ இதைப் படிக்கப்போவதில்லை. உயிரோடு இருந்திருந்தாலும் படித்திருக்க மாட்டாய். கொச்சி மட்டாஞ்சேரிப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நாம் கற்றது மலையாள எழுத்து. எனக்கு அம்மா வீட்டில் சிலேட்டு வைத்துத் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுத்தாள். உன் வீட்டில் அதற்கு யாருக்கும் நேரம் இல்லை. ஆனாலும் நாம் பேசிக்கொண்டதெல்லாம் தமிழில்தான், பாதிக்கு மேல் மலையாளம் கலந்த நம் தமிழில். அதனால் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பு முடிவதற்குள் உன் அப்பா இறந்துபோனார். தென்காசிப் பக்கத்திலிருந்து மூட்டை தூக்க வந்தவர். நீ அந்த மாதமே சுக்குக் கிடங்கு வேலைக்குப் போனாய். நான் பள்ளி முடித்து, படகேறி எர்ணாகுளம் கல்லூரிக்குப் போனேன். நடுவில் உனக்குக் கல்யாணமாகி, ஒரு பெண் பிறந்து, புருஷன் எங்கோ போய்விட்டான். எனக்குக் கல்லூரி முடிந்து வேலை தேடும் காலம் வந்தது. இத்தனைக்கும் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரே சுவர். நீ மாலையில் வேலை விட்டு வந்து கிணற்றடியில் கை கால் கழுவும்போதுதான் நமக்குப் பேச்சு.

எழுபதுகளின் கடைசியில், அப்படி ஒரு மாலையில்தான் நீ சொன்னாய்: "சாயங்காலம் ஆனா பஸ்ஸோட நம்பர் தெரியலடி. எல்லாம் மங்கலா இருக்கு. வாயில சும்மா எச்சில் ஊறுது." நான் உன் முகத்தைத் தூக்கிப் பார்த்தேன். வெளிச்சம் குறைந்த நேரத்தில் விரிந்திருக்க வேண்டிய கண்மணி கடுகளவாகச் சுருங்கியிருந்தது. சுக்குத் தூசியின் காரம் என்று நீ நினைத்தாய். உன்னோடு தரையில் உட்கார்ந்து சுக்கு பொறுக்கும் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். சனிக்கிழமை கிடங்கைப் பூட்டும்முன் வண்டு வராமலிருக்க மூட்டைகள் மேலும் தரையிலும் பூச்சி மருந்து அடிப்பார்கள் என்றும், திங்கள்கிழமை போகும்போது தரை இன்னும் பிசுபிசுவென்று இருக்கும் என்றும் நீ சாதாரணமாகச் சொன்னாய். அதற்கும் உன் கண்ணுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று உனக்குத் தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியது. அப்போது நான் எர்ணாகுளத்தில் ஒரு டாக்டரிடம், பூச்சி மருந்துகள் தொழிலாளர் உடம்பில் என்ன செய்கின்றன என்று பார்க்கும் ஆராய்ச்சியில், ஆய்வுக்கூட உதவியாளாகச் சேர்ந்திருந்தேன். மறுநாள் உன் கண்ணைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுவதையும் இரண்டு தடவை சொல்லச் சொன்னார். நல்ல மனிதர். அதை இங்கேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவர் யார் என்று நான் பல வருடம் தேடிப் பார்த்துவிட்டேன்.

கிடங்கு முதலாளி ரத்தப் பரிசோதனைக்குச் சம்மதித்தார். எல்லாம் தூசிதான் என்று தெரிந்துவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. சம்மதிக்காதவர்கள் நீங்கள்தான். குடும்பக் கட்டுப்பாட்டு ஆட்கள் வேறு வேஷத்தில் வந்திருக்கிறார்கள் என்றாள் ஒருத்தி. ரத்தத்தை எடுத்து விற்கப்போகிறார்கள் என்றாள் இன்னொருத்தி. நான் பரிசோதனைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். யாரும் கிட்டே வரவில்லை. அப்போது நீ முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாய். "இவ என் கூட்டுக்காரி. இவ கையால நமக்கு ஒரு தீங்கும் வராது" என்று சொல்லி, கையை நீட்டினாய்.

உன் விரலைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவச் சொன்னேன். தோலில் ஒட்டிய பூச்சி மருந்து ரத்தத்தில் கலந்தால் முடிவு பொய்யாகிவிடும். உன் விரல் நுனி காய்ப்புக் காய்த்திருந்ததால் ஊசி முதல் தடவை இறங்கவில்லை. "நல்லா குத்து, பேடிக்காதே" என்று எனக்கு நீ தைரியம் சொன்னாய். ஒரு துளியைக் குழாயில் விட்டு, சோதனைத் திரவத்தைச் சேர்த்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். கெடாத ரத்தமானால் பச்சை நிறம் மெல்ல மெல்ல மஞ்சளாகும். பூச்சி மருந்து ஏறிய ரத்தமானால் பச்சையாகவே நிற்கும். உன் துளி பச்சையாகவே நின்றது. உனக்குப் பின்னால் வரிசையாக வந்து கை நீட்டிய பெண்களில் பத்துப் பேருடையதும் அப்படியே நின்றது.

எனக்கு அன்று ஏற்பட்ட உணர்ச்சியை இப்போதாவது உன்னிடம் சொல்ல வேண்டும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் நினைத்தது சரியாகிவிட்டது என்ற சந்தோஷம். மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு படகில் திரும்பிப் போகும்போது, நான் பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன்.

அறிக்கையை டாக்டர் எழுதினார். ரத்தம் இந்த அளவுக்குக் கெட்டிருப்பவர்களை, அது பழைய நிலைக்கு வரும்வரை மருந்து படும் இடத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்பது அதில் முக்கியமான வரி. வைத்தியப்படி அதில் ஒரு எழுத்தும் தப்பில்லை. கடைசியில் சேர்க்க வேண்டிய பட்டியலை என்னிடம் விட்டார். எண் போடட்டுமா, பெயர் போடட்டுமா என்று நான் கேட்டேன். உன் இஷ்டம் என்றார். பெயர் இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் உங்களைக் கூப்பிட்டு மருந்து கொடுப்பார்கள் என்று நினைத்தேன். பதினோரு பெயரையும் அழகான கையெழுத்தில் எழுதினேன். உன் பெயர் முதலில்.

ஒரு பிரதி தொழிலாளர் இலாகாவுக்குப் போனது. ஒரு பிரதி முதலாளிக்கும் போனது.

அடுத்த வாரம் கிடங்கு வாசலில் மேஸ்திரி அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாராம். பெயர் பெயராக வாசித்து, உங்களுக்கு உடம்பு சரியில்லை, டாக்டரே எழுதியிருக்கிறார், வீட்டில் போய் ஓய்வெடுங்கள் என்றாராம். எத்தனை நாள் என்று நீ கேட்டதற்கு, ரத்தம் சரியாகட்டும், பார்க்கலாம் என்று பதில். ஓய்வுக்குக் கூலி கிடையாது. அன்றைக்கே வேறு பதினோரு பெண்களை உள்ளே விட்டார்கள். அவர்கள் ரத்தத்தை யாரும் பார்க்கவில்லை. யூனியன்காரர்கள் முதலாளியிடம் பேசினார்கள். விலக்கி வைக்கச் சொல்லி டாக்டரே எழுதியிருக்கும்போது நான் எப்படி உள்ளே விடுவது என்று அவர் கேட்க, அவர்களும் திரும்பிவிட்டார்கள். மருந்து அடிப்பது மட்டும் நிற்கவில்லை.

அன்று மாலை நீ கிணற்றடிக்கு வரவில்லை. நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாய். மற்றப் பெண்கள் உன் வாசலில் நின்று உன்னைத்தான் ஏசிவிட்டுப் போயிருந்தார்கள். ஒருத்தி காறித் துப்பியதாகப் பிறகு என் அம்மா சொன்னாள்.  அம்மா கொண்டுவந்த சாயாவை நீ தொடவில்லை.

"பேரை எதுக்குடி எழுதினே?"

"ஆஸ்பத்திரில மருந்து குடுப்பாங்கன்னு நினைச்சேன்."

நீ என்னைத் திட்டியிருக்கலாம். தலையை ஆட்டினாய், நான் சொன்னது உனக்கு மனசிலாகிவிட்டது போல. பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாய்.

நான் டாக்டரிடம் அழுதேன். அவர் மட்டாஞ்சேரிக்கே வந்து முதலாளியைப் பார்த்தார். முதலாளி மரியாதையாக நாற்காலி போட்டு உட்கார வைத்து, அறிக்கையை எடுத்து, டாக்டர் எழுதிய அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினாராம்.  சில மாதத்தில் அந்த ஆராய்ச்சியும் முடிந்தது. அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். மீந்த குழாய்களும் சோதனைத் திரவமும் ஒரு அலமாரியில் இருந்தன. சாவி என்னிடம் இருந்தது.

நீ பக்கத்துப் பள்ளுருத்தியில் பழைய சாக்குகளை உதறித் தைக்கும் ஒரு கொட்டகையில் சேர்ந்திருப்பது எனக்கு வெகு நாள் தெரியாது. நம் வீடுகளுக்கு நடுவில் சுவர் இருந்தது, பேச்சு நின்றுபோயிருந்தது. பட்டியலில் இருந்தவர்களை யாரும் வேலைக்கு எடுப்பதில்லை என்பதால், தென்காசியில் இருக்கும் உன் தங்கையின் பெயரைச் சொல்லிச் சேர்ந்திருந்தாய். எந்தெந்தக் கிடங்கிலிருந்தோ, என்னென்ன மருந்து பட்டோ வந்த சாக்குகள். ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது, நீ திண்டாடித் திண்டாடி ஊசியில் நூல் கோர்ப்பதைக் கொட்டகை வாசல் வழியே பார்த்தேன். வியர்வை உன் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது. மழை பெய்து குளிர்ந்திருந்த நாள் அது.

மறுநாள் அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். ஒரு துளி போதும், யாருக்கும் சொல்ல மாட்டேன், எங்கும் எழுத மாட்டேன் என்றேன். நீ இரண்டு கையையும் புடவைக்குள் மறைத்துக்கொண்டாய்.

"வேண்டாம். உன் குழாயில பச்சை தெரிஞ்சா நான் என்ன செய்யணும்? இந்த வேலையும் விடணும். அப்புறம்?"

நான் பெட்டியை மூடினேன். நான் படித்த எதிலும் அந்த 'அப்புறம்' இல்லை. நீயே, "சாப்பிட்டியாடி, கப்பை இருக்கு" என்றாய். அன்று உன் வீட்டில் அவித்த மரவள்ளிக் கிழங்கு சாப்பிட்டேன். அதன் பிறகு நாம் பழையபடி பேசிக்கொண்டோம். உன் கண்ணை மட்டும் நான் நேராகப் பார்ப்பதில்லை. தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்காக ஒருவர் கண்ணைத் தவிர்ப்பதை அந்த வருடத்தில்தான் கற்றேன்.

மறு வருடம் ஜூன் மாதத்து இடவப்பாதி மழை வெளுத்து வாங்கிய ஒரு நாளில் கொட்டகையின் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, புதிதாக வந்த சாக்குகளை உள்ளேயே உதறினீர்களாம். பிற்பகலில் நீ விழுந்தாய். உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவள், மருந்துச் சாக்கு என்று சொன்னால் கொட்டகையை மூடிவிடுவார்கள் என்று பயந்து, பழைய இழுப்பு என்று சொல்லிவிட்டாள். அவளையும் நான் குறை சொல்ல மாட்டேன். உன் படுக்கைச் சீட்டில் உன் தங்கையின் பெயர் இருந்தது. பெயருக்குக் கீழே ஆஸ்துமா என்று எழுதியிருந்தது.

எனக்குத் தகவல் வந்தது மறுநாள் காலையில். ஓடினேன். அங்கே உன் பெயரைச் சொல்லித் தேடியதில் யாருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலும் தங்கை பெயரையே கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்படியே ஒரு மணி நேரம் போயிற்று. கண்டுபிடித்தபோது உன் வாயோரம் நுரை வழிந்துகொண்டிருந்தது. மார்பு கொதிக்கும் உலைபோலச் சத்தமிட்டது. கண்ணிமையை விலக்கிப் பார்த்தேன். ஒரு வருடமாகப் பார்க்காமல் இருந்ததை அப்போது பார்த்தேன். இளம் டாக்டர் ஒருவர் நான் சொன்னதைக் கேட்டார், உடனே நம்பினார், ஊசி மருந்துக்கு ஓடினார். முந்தின நாளே தெரிந்திருந்தால், என்று ஆரம்பித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். உன் விரல்கள் என் கையில் இருந்தன. உச்சி வேளைக்கு முன் நீ போய்விட்டாய்.  நான் வந்தது உனக்குத் தெரிந்ததா என்பது எனக்குத் தெரியாது.

இறந்தது உன் தங்கை என்று பதிவாகிவிட்டது. அவள் தென்காசியிலிருந்து அழுதுகொண்டு வந்து, உயிரோடு பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் நின்றாள். நான்தான் கூடப் போய்ப் பெயரைத் திருத்த மனு எழுதினேன். காரியம் முடிந்ததும் அவள் உன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனாள். பஸ் ஏறும்முன் உன் பெண் என்னிடம், அம்மாவுக்கு என்ன வியாதி என்று கேட்டாள். மழையில் ஏறியவர்களின் குடைகளுக்கு நடுவே அவள் முகம் மறைந்துபோயிற்று. 

சில வருடம் கழித்து டாக்டரின் கட்டுரை அச்சாகி எனக்கு ஒரு பிரதி வந்தது. அதில் யார் பெயரும் இல்லை, எண்கள்தான். நீ ஒன்றாம் எண். கடைசிப் பத்தியில், பாதிக்கப்பட்டவர்கள் அனைவரும் மருந்து படும் வேலையிலிருந்து விலக்கப்பட்டனர் என்று எழுதியிருந்தார். அதுவும் உண்மைதான். படிப்பவர்கள் நல்லது நடந்தது என்று நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை தண்ணீர் பரிசோதிக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். கிணற்றுத் தண்ணீரைக் குப்பியில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, முடிவுக்காக ஜனங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீர் கெட்டிருந்தால் காகிதத்தைக் கொடுக்கும்முன் ஒரு கேள்வி கேட்பேன்: "வேற கிணறு இருக்கா?" இருக்கிறது என்று சொன்னவர்களிடம் உடனே கொடுத்துவிடுவேன். இல்லை என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. அவர்கள் எதிரில் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருக்கிறேன், கொஞ்ச நேரம். பிறகு கொடுத்துவிடுவேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.