உன்னிடம் மறைத்த அரைச் சுற்று

என் தனத்துக்கு,

நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. இருந்தபோது உனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. தினமும் வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறவளுக்கு எதற்குக் கடிதம்? இன்று எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். உனக்கு மட்டும் எழுதி மடித்து வைத்தால் அது இன்னொரு முறை மறைத்த மாதிரிதான். அதனால் படிக்கிறவர்கள் எல்லாரும் படிக்கட்டும்.

நம் செல்வி ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள். எதிர்வீட்டில் டி.வி. வாங்கியிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவளைப் பிடிக்க முடியவில்லை. நம் டீசல் பிக்கப்பை இப்போது உன் தம்பி ஏழுமலைதான் ஓட்டுகிறான். காலைச் சாய்த்துத்தான் நடக்கிறான். கிளட்ச் மிதிக்க இது போதும் மாமா என்கிறான்.

அந்தக் காலைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

அந்த ஐப்பசி உனக்கு நினைவிருக்கும். விழுப்புரத்தில் சரக்கு இறக்கிவிட்டு, கிணற்று வேலை காண்ட்ராக்டரின் ஷெட்டில் நின்றிருந்தோம். வல்லம் பக்கத்திலிருந்து டிரங்க் கால் வந்தது. வெட்டிக்கொண்டிருந்த கிணற்றில் கரை சரிந்து, இரண்டு பேர் பாறைக்கடியில் மாட்டிக்கொண்டார்கள். ஊற்று திறந்து தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. பெரிய டீசல் பம்பு உடனே வேண்டும். ஒருவன் ஏழுமலை. இன்னொருவர் அவனோடு வேலை செய்த காசி.

பம்பு இரண்டு சக்கர டிரெய்லரில் இருந்தது. நம் வண்டிக்கு அது அதிகப் பாரம். மாட்டிக்கொண்டு கிளம்பினோம். மழை இருட்டில் பகல் மூன்று மணி மாலை ஆறு போல இருந்தது. நான் டாப் கியரில் போட்டு, ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தினேன். பின்னால் கறுப்புப் புகை ரோட்டை மூடியது.

கூட்டேரிப்பட்டுக்கு முன்னாலேயே நீ குனிந்துவிட்டாய். கியர் கம்பியைச் சுற்றிய ரப்பர் கிழிந்திருந்த ஓட்டை வழியாக, இஞ்சினிலிருந்து புகை வெளியேறும் இரும்புக் குழாயைப் பார்த்தாய்.

"இன்னாங்க, கொழாயி செவந்துக்கினு வருது."

"தண்ணி சூடு நார்மலாதான் காட்டுது. சும்மா இரு."

"தண்ணி சூடு வேற, பொகை சூடு வேற. அடுப்பு எரியறத குடத்துல கைவெச்சா பாப்பாங்க?"

செங்கல் சூளையில் பிறந்து வளர்ந்தவள் நீ. நெருப்பின் நிறத்தைப் பார்த்தே கல் வெந்ததா, உருகப்போகிறதா என்று சொல்வாய். கத்தரிக்காய் நிறத்தில் இரும்பு மங்கலாகச் சிவந்தால் தாங்கும், செம்பருத்தி நிறம் வந்தால் நிறுத்த வேண்டும், ஆரஞ்சுக்குப் போய்விட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை என்றாய். அப்போது குழாய் செம்பருத்தியாக இருந்தது.

"கால எடுங்க. கியர கொறைங்க."

"இன்னாடி பேசற? உள்ள கெடக்கறவன் உன் தம்பிடி!"

"தெரியும். அதனாலதான் சொல்றேன். இஞ்சினு இங்கியே பூடுச்சின்னா பம்ப யாரு இழுத்துக்கினு போவா?"

உன் குரலில் அழுகை இல்லை. ஆனால் டேஷ்போர்டைப் பிடித்திருந்த உன் விரல்கள் வெளுத்திருந்தன. நான் காலை எடுத்தேன். கியரைக் குறைத்தேன். வண்டி மெதுவாக ஏறியது. ஒவ்வொரு மேட்டிலும் நிறம் திரும்ப ஏறியது. இரண்டு இடத்தில் ஐந்தாறு நிமிஷம் ஓரம் கட்டச் சொன்னாய். இஞ்சினை அணைக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாய்.

"ஆஃப் பண்ணாதீங்க. சூளைய ஒரேடியா மூடினா கல்லு வெடிக்கும். ஓடிக்கினே ஆறட்டும்."

வண்டி நின்ற இடத்தில் இஞ்சின் சத்தமும் மழையும்தான். நீ ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஏன் என்று நீ கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனோ?

போய்ச் சேர்ந்தோம். பம்பு ஓடியது. தண்ணீர் இறங்க இறங்க உன் தம்பியின் கழுத்து தெரிந்தது, தோள் தெரிந்தது. பாறையில் கால் நசுங்கியிருந்த அவனைத் தூக்கிவிட்டார்கள். காசி அவனைவிடக் கீழே, இடுப்போடு மாட்டியிருந்தார், பிணமாகத்தான் எடுத்தார்கள். பம்பு ஓடத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவர் முகம் தண்ணீருக்குள் போயிருக்கிறது. ரொம்ப நேரம் இல்லை, பத்து நிமிஷம் இருக்கலாம் என்றார்கள். அவர் மனைவி பச்சையம்மா கிணற்று மேட்டில் உட்கார்ந்து, வந்த எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னையும் கும்பிட்டாள். வண்டி கொண்டுவந்த புண்ணியவான் என்றாள்.

இப்போது நான் மறைத்ததைச் சொல்கிறேன்.

அதற்கு இரண்டு மாதம் முன்னால், நீ உன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, நம் வண்டி இஞ்சினுக்கு டீசல் அனுப்பும் பம்பில், கம்பெனி முத்திரையிட்ட ஈய சீலை நானே உடைத்தேன். அதற்குள் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. அதை உள்ளே திருகினால் இஞ்சினுக்கு டீசல் அதிகம் போகும், வண்டி முரட்டுத்தனமாக இழுக்கும். அரைச் சுற்று திருகினேன். பாரம் ஏற்றும் மற்ற டிரைவர்கள் என் இழுப்பைப் பார்த்துப் பேச வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அதிகமாகப் போகிற டீசலுக்கு உள்ளே போதிய காற்று இல்லை, அந்தச் சூடெல்லாம் புகையோடு வெளியேறிக் குழாயைச் சிவக்க வைக்கிறது என்பது திருகியபோது எனக்குத் தெரியாது; அன்று குழாய் சிவந்தபோதுதான் சந்தேகம் வந்தது. கறுப்புப் புகையை நான் பலம் என்று நினைத்தேன்.

போன வாரம் இஞ்சின் இழுக்காமல் போனது. விழுப்புரத்தில், ரயில் இஞ்சின் ஷெட்டில் வேலை பார்க்கும் ஒரு ஃபிட்டர் வந்து பிரித்துப் பார்த்தார். பிஸ்டன் தலை ஒரு பக்கம் மெழுகு போல உருகியிருந்தது.

"இது ஒரு நாள்ல ஆனது இல்லீங்க. பொகை சூடு எழுநூறு டிகிரியத் தாண்டித் தாண்டிப் போயிருக்குது. சீல ஒடச்சது யாரு?"

"வண்டிய முன்ன வெச்சிருந்தவரு," என்றேன். பக்கத்தில் ஏழுமலை நின்றிருந்தான்.

எழுநூறு டிகிரி என்றால் இரும்பு என்ன நிறத்தில் இருக்கும் என்று கேட்டேன். நல்ல சிவப்பு என்றார். நீ சொன்ன செம்பருத்தி, தனம்.

பிஸ்டனை மாற்றி, ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே திருப்பிப் புது சீல் வைத்தார். வெளியேறும் புகையின் சூட்டைக் காட்ட ஒரு மீட்டரும் பொருத்தினார். பழைய நிலையில் இந்த இஞ்சின் அந்தப் பம்பை எப்படி இழுத்திருக்கும் என்று கேட்டேன். மெதுவாத்தான் இழுக்கும், ஆனா எங்கயும் நிக்காம போயிருக்கும் என்றார். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

நம் ஊர் திண்டிவனத்துக்குத் திரும்பும் வழியில் ஏழுமலை ஓட்டினான். மீட்டர் முள் ஐந்நூறைத் தாண்டினாலே காலை எடுக்கச் சொன்னேன். கூட்டேரிப்பட்டு டீக்கடை முன்னால் நிறுத்தச் சொல்லி, அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஸ்டீரிங்கை விடாமல் கேட்டான். பிறகு இறங்கிப் போனான். இனி வரமாட்டான் என்று நினைத்தேன். இரண்டு டீயோடு வந்தான். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

"காசியண்ணனுக்கு வாய் வரைக்கும் தண்ணி வந்துடுச்சி மாமா. அப்பவும் என்னைத்தான் தேத்திக்கினு இருந்தாரு. 'வண்டி சத்தம் கேக்குதுடா, வந்துட்டாங்க'ன்னாரு. எனக்கு ஒண்ணும் கேக்கல. இன்னிக்கி வரைக்கும், என்னைத் தேத்த சொன்னாரா, நெஜமாவே கேட்டுச்சான்னு தெரியல."

நான் டீயைக் குடிக்கவில்லை.

"பச்சையம்மா அக்காவுக்கு இது தெரியணும். நான் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லணும்," என்றான்.

அன்று முதல் தூக்கம் இல்லை. பச்சையம்மா என்ன செய்வாள்? அடித்தால் வாங்கிக்கொள்வேன். அழுதால் என்ன செய்வேன்? மறுபடி கும்பிட்டுவிட்டால்? அதை நினைத்துத்தான் அதிகம் பயப்படுகிறேன். நீ இருந்திருந்தால் கூட வந்திருப்பாய். அல்லது, இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாயா?

வெள்ளிக்கிழமை பச்சையம்மாவைப் பார்க்க வல்லத்துக்குப் போகிறேன். ஏழுமலை ஊர் எல்லை வரை கொண்டுவிடுகிறேன் என்றிருக்கிறான், அங்கிருந்து நான் தனியாக நடக்க வேண்டும். முன்னால் வைத்திருந்தவர் மேல் பழி போடமாட்டேன். மழையின் மேல் போடமாட்டேன். சீலை உடைத்தது என் கை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். சொல்லி முடித்ததும் ஓடி வந்துவிட மாட்டேன், அவள் போ என்று சொல்லும்வரை அந்த வாசலில் நிற்பேன். இது உனக்குக் கொடுக்கிற சத்தியம், தனம்.

பயத்தோடு,
உன் புருஷன்,
செல்வியின் அப்பா