ஸ்டீயரிங்கில் தொங்கிய சிவப்புத் தகடு

6 ஏப்ரல் 2025, ஞாயிறு

ஷெட்டைத் திறந்தோம். என் மனைவி மலர்விழி மே 31 அன்று ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாள். ஜூன் முடிவதற்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்து இந்திரா நகர் வீட்டுக்குப் போயாக வேண்டும். வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிவிடலாம். ஷெட்டில் நிற்பதுதான் சிக்கல்.

அது அவள் அண்ணன் அறிவழகனின் கார். எழுபதுகளில் பெங்களூரில் கொஞ்ச காலம் செய்த மாதிரி. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, பைபர் உடம்பு, பின்பக்கம் ஸ்கூட்டருடையதைவிடக் கொஞ்சம் பெரிய எஞ்சின். மச்சான் சுரங்கத்தில் வேலையில் இருந்தபோது, மாற்றலாகிப் போன ஓர் அதிகாரியிடம் வாங்கினார். அவருக்கு அப்போது ஷெட் கிடையாது என்பதால் இங்கே நிறுத்தினார். வண்டி நின்று இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

பேச்சு நின்று ஒன்பது வருடம். எங்கள் மகளைத் தன் மகனுக்குக் கேட்டார். அவள் மாட்டேன் என்றாள். அன்று செருப்பை மாட்டிக்கொண்டு குறிஞ்சிப்பாடிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நாங்களும் போகவில்லை. போன மாதம் ஆள் விட்டு வண்டியைப் பற்றிக் கேட்டதற்கு, "என்னமோ பண்ணிக்கச் சொல்லு" என்றாராம்.

நிருபர் வேலைப் பழக்கத்தில் நாலு பக்கமும், உள்ளேயும் படம் எடுத்து வைத்தேன். சீட்டில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் மெத்தை மாதிரிப் படிந்திருந்தது.

பழைய இரும்பு எடுக்கும் கருப்பசாமி வாசலில் நின்றான். "சார், பைபர் எனக்கு ஆவாது. எஞ்சினும் அடிச்சட்டமும் போதும். நாளைக்கே ஆள் அனுப்பறேன்."

மலர்விழி சொன்னாள்: "தூக்கிட்டுப் போனா அது சாமான். ஓடிப் போனாத்தான் வண்டி. காலி பண்றதுக்குள்ள ஓடாட்டி அவன்கிட்டயே குடுத்துருங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கடைசி வாக்கியத்தை நான் நம்பவில்லை.

9 ஏப்ரல்

சிங்காரவேல் என்று ஒருவர் வந்தார். சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியை ஓட வைத்துத் தருகிறேன், கூலி வேண்டாம் என்றார்.

"ஏன் வேண்டாம்?"

"வூட்ல உக்காந்துகினு சீரியல் பாக்கச் சொல்றீங்களா சார்?"

இது ஒரு காரணம் இல்லை. முப்பத்துநாலு வருடம் நிருபராக இருந்திருக்கிறேன். கூலி வேண்டாம் என்று வருகிறவனைத்தான் கூடுதலாக விசாரிக்க வேண்டும். வண்டி விஷயம் இவருக்கு யார் சொன்னது?

"பெயிண்ட் கெயிண்ட் எல்லாம் கெடையாது, இப்பவே சொல்லிட்டேன். ஓட வெக்கிறது வேற, ஜோடிக்கிறது வேற. எது ஓட விடாம தடுக்குதோ அத மட்டும் தொடுவேன்" என்றார். பெயிண்ட் அடிக்காத பழைய வண்டிகளைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று எங்கோ படித்திருக்கிறேன். குறித்துக்கொள்கிறேன்.

14 ஏப்ரல்

வருடப்பிறப்பு. பிஸ்டன் இறுகிக் கிடக்கிறது. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் டீசலை ஊற்றி ஊறவிட்டிருக்கிறார். "அது இஷ்டத்துக்கு விடணும் சார். சுத்தியலால தட்னா நொந்துபூடும்." வடையும் பாயசமும் சாப்பிட்டுவிட்டுப் போனார். ஊறுவதற்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். "அத அதான் சொல்லணும் சார்" என்றார்.

17 ஏப்ரல்

கார்புரேட்டரைச் சுத்தம் செய்ய வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். அதன் அடியில் ஊசியால் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறேன்.

20 ஏப்ரல்

கொண்டு வந்தார். கோடு இருக்கிறது. ஆனால் உள்ளே பெட்ரோல் வரும் சின்ன ஜெட்டில் நான் கோடு போடவில்லையே.

27 ஏப்ரல்

எஞ்சின் சுற்றிவிட்டது. இருவரும் எஞ்சின் சக்கரத்தில் சுற்றிய பட்டையைப் பிடித்து இழுத்தபோது களுக்கென்று விட்டது. அடைத்துக்கொண்ட மூக்கு திறந்த மாதிரி. பெட்ரோல் டேங்க் முழுக்கத் துரு. அதைத் தொடாமல், எண்ணெய் கேன் ஒன்றைப் பின்னால் உயரமாகக் கட்டி ஒரு குழாய் விட்டார். பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்ததும் பொறி வந்தது. வண்டி மட்டும் பிடிக்கவில்லை.

"காயில் வீக்கு சார்."

4 மே

அக்னி நட்சத்திரம் தொடக்கம். காயிலை மாற்றியாயிற்று. பிடிக்கவில்லை. கண்டென்சரை மாற்றியாயிற்று. பிடிக்கவில்லை. இன்று மறுபடி காயில்மேல் சந்தேகம் என்கிறார். புதுக் காயில்மேல்!

மாலை பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் சிங்காரவேலும் கருப்பசாமியும் ஒன்றாக நின்றார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். இழுத்தடித்து, நாள் கடத்தி, கடைசியில் இரும்பு விலைக்கு எடுப்பதுதான் திட்டமோ?

8 மே

சைலன்சர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். மண் அடைத்திருந்தது. குளவிக்கூடு. கம்பியால் குத்தக் குத்தக் கொட்டியது. புகை வெளியே போக வழியில்லாத எஞ்சின் எப்படிப் பிடிக்கும்?

"அதான் நானும் நெனச்சேன்" என்றார் சிங்காரவேல். நினைக்கவில்லை.

பட்டையை இழுத்தோம். வண்டி இருமியது, ஷெட் அதிர ஒரு தரம் முழங்கியது, நின்றது. போதும். இனி பிரேக்கும் கிளட்ச் கேபிளும் டயரும்தான். மலர்விழி மாவுக் கையோடு ஓடி வந்தாள்.

"அப்ப நெஜமாவே ஓடிடுமா?"

சந்தோஷப்பட்டுக் கேட்ட குரல் இல்லை அது. ஏன்?

11 மே, ஞாயிறு

காலையில் ஷெட்டைத் திறந்ததும் சிங்காரவேல் ஓர் அடி பின்வாங்கினார். கையில் இருந்த ஸ்பானரை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டார்.

ஸ்டீயரிங்கில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்புத் தகடு தொங்கியது, சுரங்கத்தில் மெஷினைப் பழுது பார்க்கும்போது மாட்டுகிற டேக். 'ஆள் வேலை செய்கிறார் — இயக்காதே.' கீழே ஆணியால் பொறித்த பெயர்: அறிவழகன்.

"கழட்டுங்க, ஸ்டார்ட் பண்ணிப் பாப்போம்" என்றேன்.

"நானா? போட்டவன்தான் சார் எடுக்கணும்."

"அவர் ரிட்டயராகி ஆறு வருஷம் ஆச்சு."

"டேக்குக்கு ரிட்டயர்மெண்டு இல்ல சார். இது தொங்குதுன்னா கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில ஆளு இருக்கான்னு அர்த்தம். எவ்ளோ பெரிய ஆபீசர் வந்து நின்னாலும் தொட மாட்டோம்."

"இங்க பெல்ட் எங்கய்யா இருக்கு?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆளு உள்ள இருக்கான்."

ஸ்பானர்களைத் துணியில் சுற்றிக்கொண்டு போயே போய்விட்டார்.

ஏப்ரல் 6 எடுத்த படங்களைப் பார்த்தேன். ஸ்டீயரிங் வெறுமையாக இருக்கிறது. தகடு பழசு, முனைகளில் துரு. அதைக் கட்டிய வெள்ளை நாடா புதுசு, ஒரு பொட்டுச் சாம்பல்கூட இல்லை. முடிச்சு தட்டையாக, நெருக்கமாக இருந்தது. நேற்றோ இன்றோ கட்டியிருக்கிறார்கள். யார்?

12 மே

விசாரணை. மாடியில் இருக்கும் குஞ்சிதபாதம் எந்நேரமும் பால்கனியில்தான் இருப்பார்.

"ஷெட்டுக்கு யாராவது வந்தாங்களா?"

"எவனும் வரல சார். சனிக்கிழம காலைல சிஸ்டர்தான் வெளக்கமாத்தோட உள்ள போனாங்க."

அது கணக்கில் வராது. வெளியாள் யார் என்பதுதான் கேள்வி. குஞ்சிதபாதம் மத்தியானம் தூங்குகிறவர் என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

சிங்காரவேல் வீட்டுக்கே போனேன். கேட்கக் கேட்க ஒன்று வெளியே வந்தது. அவரும் மச்சானும் ஒரே கேங்க்! இதே காரில் ஷிப்டுக்குப் போனவர்கள்.

"நாலு பேரு போவோம் சார். பாதி வழி ஏறிகினு, பாதி வழி தள்ளிகினு."

"ஏன் இத முதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

என்னிடமா இந்தப் பதில்? அப்படியானால் தகட்டைக் கொண்டு வந்து மாட்டியதும் இவர்தானா? அல்லது மச்சானே நேரில் வந்து மாட்டினாரா? 'என்னமோ பண்ணிக்க' என்றவருக்கு, வண்டி ஓடுகிறது என்று தெரிந்ததும் ஆசை வந்துவிட்டதா?

18 மே

சிங்காரவேல் குறிஞ்சிப்பாடிக்குப் போய் வந்திருக்கிறார். நடந்ததைச் சொன்னார்.

"'ஒன் டேக்கு கெடக்குது, வந்து எடு'ன்னேன். 'நான் எப்படா போட்டேன்?'னான். அப்புறம் 'எம் பேருதானாடா இருக்கு?'ன்னு கேட்டான். ஆமான்னேன். 'பாக்கலாம்'னான்."

மாட்டவில்லை என்கிறாராம் மச்சான். இது ஒருவர் சொல்லி, இன்னொருவர் வழியாக வந்த தகவல். பாதிதான் நம்பலாம்.

மலர்விழியிடம் சொன்னேன். "பாக்கலாம்னா சொன்னாரு?" என்று இரண்டு முறை கேட்டாள். ரசத்தில் உப்பு இல்லை.

31 மே

மாலை போட்டு, ஆஸ்பத்திரி ஜீப்பில் கொண்டுவந்து விட்டார்கள். மகள் சென்னையிலிருந்து வந்திருந்தாள். கூட்டம் கலையும் வரை மலர்விழியின் பார்வை கேட் பக்கமே இருந்தது. அவர் வரவில்லை.

8 ஜூன்

பிரேக், கேபிள், மூன்று டயர் எல்லாம் தயார். தகடு தொங்கும்வரை எஞ்சினைத் தொடாமல் மற்ற வேலைகளை மட்டும் முடித்துக் கொடுத்தார் சிங்காரவேல். அப்படி ஒரு பிடிவாதம்.

கருப்பசாமி மறுபடி வந்தான். 25ஆம் தேதி எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன செய்ய?

ஒரு துணி நாடாவுக்கு இத்தனை அமர்க்களமா! நான் சுரங்கத்து ஆள் இல்லை, எனக்கு அந்தச் சட்டம் கிடையாது. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். மலர்விழி பின்னாலேயே வந்துவிட்டாள்.

"வைங்க அத. நீங்க போட்டதா அது?"

"25ஆம் தேதி இரும்புக்குப் போகுது வண்டி. பரவாயில்லயா?"

"போகட்டும். வெட்டாதீங்க."

வண்டி போனாலும் பரவாயில்லையாம், நாடா போகக் கூடாதாம். எனக்கு விளங்கவில்லை. எரிச்சலாக இருக்கிறது.

15 ஜூன்

புத்தகங்களைக் கட்டுக் கட்டாகக் கட்டினோம். மலர்விழி சமையலறை டிராயரிலிருந்து நாடாச் சுருளை எடுத்து வந்தாள். வெள்ளை. நான் அடுக்கித் தர, அவள் இழுத்து முடிச்சுப் போட்டாள். தட்டையாக, நெருக்கமாக. முப்பது வருடம் காயத்துக்குக் கட்டுப் போட்ட கை. உடம்பில் உறுத்தாத முடிச்சு.

மூன்றாவது கட்டு கட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த அடுக்கைக் கையில் வைத்துக்கொண்டே அந்த முடிச்சைப் பார்த்தேன்.

வண்டி ஓடிய நாட்களில் மச்சானுடைய டூட்டிப் பை ஷெட் கதவுக்குப் பின்னால்தான் மாட்டியிருக்கும். தகடு அதற்குள் கிடந்திருக்கும். வெளக்கமாத்தோடு சிஸ்டர் உள்ளே போனார் என்று குஞ்சிதபாதம் சொன்னாரே! கணக்கில் வராது என்று எழுதியவன் நான்.

அவளாக அண்ணனைக் கூப்பிட மாட்டாள். கூப்பிட்டால் ஒன்பது வருடத் தப்பும் தன் பக்கம் என்று ஆகிவிடும். அவராகவும் வர மாட்டார். ஆனால் 'உன் தகடு கிடக்கிறது' என்ற சேதி போனால்? அது அழைப்பு இல்லை. யாரும் இறங்கி வரவில்லை. சுரங்கத்து ஆளால் அதை அப்படியே விட்டுவிட்டு இருக்கவும் முடியாது. வண்டி ஓடும் என்று தெரிந்த பிறகுதான் மாட்டியிருக்கிறாள். ஓடாத வண்டிக்கு 'இயக்காதே' எதற்கு?

கேட்கலாமா? நாக்கு நுனிவரை வந்தது. "என்ன பாக்கறீங்க? அடுத்த அடுக்கத் தாங்க" என்றாள். தந்தேன்.

மாலை கருப்பசாமியிடம் போய், வண்டி இல்லை, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டீக்கடையில் அன்று என்ன பேசினீர்கள் என்றும் கேட்டேன். சிங்காரவேல் அவனிடம் பழைய கிளட்ச் கேபிள் கேட்டாராம்.

22 ஜூன், ஞாயிறு

வந்துவிட்டார்.

பஸ்ஸில் வந்திருக்கிறார், தோளில் ஒரு பலாப்பழம். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். இளைத்திருக்கிறார். யாரையும் பார்க்காமல், "தகடு கெடக்குதுன்னு சொன்னாங்க" என்றார்.

மலர்விழி வாசற்படியில் நின்று, "கெடக்குது" என்றாள்.

நேராக ஷெட்டுக்குப் போனார். தகட்டைக் கையில் ஏந்திப் பார்த்தார். முடிச்சைக் கட்டைவிரலால் தடவினார். தான் மாட்டாத தகடு என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? திரும்பித் தங்கையைப் பார்த்தார். அவள் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கத்தரிக்கோல் கேட்கவில்லை. நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்தார். நாடாவோடு சேர்த்துத் தகட்டைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, தெருவே கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தார்:

"ஆளு வெளிய வந்தாச்சி!"

"கிளியர்!" என்றார் அதற்குள் வந்து எஞ்சின் பக்கம் தயாராக நின்ற சிங்காரவேல். மாடியிலிருந்து குஞ்சிதபாதம் பதறி எட்டிப் பார்த்தார்.

இரண்டாவது இழுப்பில் பிடித்தது. ஷெட் முழுக்கப் புகை. புகைக்குள்ளிருந்து இருவரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"சைலன்சர்ல குளவிக்கூடு இருந்துச்சாமே? நீயெல்லாம் ஒரு ஃபிட்டரு!"

"இருவது வருசம் குளவிக்கு வூடு கட்டிக் குடுத்தவன் பேசறான் பாரு!"

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். "மாப்ள, கொஞ்சம் நவுருங்க" என்று என் பக்கத்தில் உட்கார்ந்தார். மகளைப் பற்றிப் பேச்சு வரவில்லை. மலர்விழி கேட்காமலே அவருக்கு இரண்டாம் தரம் மோர்க்குழம்பு ஊற்றினாள்.

29 ஜூன்

லாரி முன்னால் போய்விட்டது. கார் பின்னால் போனது. அதே சாயம் போன நீலம், அதே கீறல்கள். ஓட்டியது மச்சான், பக்கத்தில் மலர்விழி, பின் சீட்டில் சிங்காரவேலும் பிரஷர் குக்கரும். எனக்கு இடம் இல்லை. ஸ்கூட்டரில் ஆயில் புகையைக் குடித்துக்கொண்டே போனேன். டவுன்ஷிப் ஆர்ச் கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. மலர்விழி இறங்கித் தள்ளினாள். சிரித்துக்கொண்டே தள்ளினாள்.

6 ஜூலை, ஞாயிறு

புது வீடு. பிரேக் பார்க்க வேண்டும் என்று மச்சான் காலை பஸ்ஸிலேயே வந்தார். சாயங்காலம்வரை சக்கரத்தைக் கழற்றினார், மாட்டினார், நடுவில் இரண்டு முறை டீ குடித்தார். போகும்போது சட்டைப் பையிலிருந்து தகட்டை எடுத்து ஸ்டீயரிங்கில் கட்டினார். வேலை பாக்கி இருக்கிறதாம், அடுத்த ஞாயிறு வருகிறாராம், அதுவரை யாரும் தொடக் கூடாதாம்.

பிரேக்கில் ஒரு கோளாறும் இல்லை. நேற்று நானே ஓட்டிப் பார்த்தேன்.