மாற்றாமல் போன நோட்டு

நேற்று தகரப் பெட்டியில் வேட்டி தேடியபோது உன் தண்டவாள ரோந்து நோட்டு கையில் தட்டுப்பட்டது. எடுத்து உதறினேன். தையலுக்குள்ளிருந்து மணல் கொட்டியது. அபிராமத்தில் எங்கள் மண் கறுப்பு. இது உன் கடற்கரையின் வெள்ளை மணல். பெருக்கித் தள்ள மனசு வரவில்லை. நான் ஒருத்தன் மட்டும் இருக்கிற வீட்டில் யார் கேட்கப்போகிறார்கள், கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பிவிட்டால் மணல்மேடு நகர்ந்து வந்து தண்டவாளத்தில் உட்கார்ந்துகொள்ளும். ரயில் வருவதற்குள் அள்ளி எறிய வேண்டும். நான் உச்சிப்புளிப் பக்கமிருந்து மண்வெட்டியும் சிவப்புக் கொடியுமாக நடந்து வருவேன். நீ மண்டபம் பக்கமிருந்து வருவாய். நடுவில் எல்லைக்கல். அங்கே என் நோட்டை உன்னிடம் கொடுத்து, உன்னுடையதை வாங்கிக்கொண்டு திரும்புவேன். இரண்டு பேரும் பாதையை முழுதாகப் பார்த்துவிட்டோம் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. நீ எப்போதும் முந்தி வந்து கல்லில் உட்கார்ந்திருப்பாய்.

“என்ன மச்சான், ஒங்க ஊரு கடியாரம் மாட்டு வண்டியில வருதோ?”

புதுமடத்துக்காரன் உன் வாய்க்கு நான் என்றைக்குமே ஈடு கொடுத்ததில்லை.

எதிர் ஆள் வராவிட்டால் அரை மணி நேரம் பார்க்க வேண்டும். அப்புறம் அவன் பாதையிலேயே நடக்க வேண்டும், அவன் கண்ணில் படும்வரை. அப்படி ஒரு சட்டம் நமக்கு இருந்தது. ஒருநாள் உச்சி வெயிலில் நான் பாலத்தடியில் மயங்கிக் கிடந்தேன். கண் விழித்தபோது உன் பாட்டில் தண்ணீர் முழுதும் என் தலையில் இருந்தது.

“தேடி வரணும்னு சட்டம் இருக்கப் போயி வந்தேன். இல்லாட்டி நாம்பாட்டுக்குத் திரும்பிப் போயிருப்பேன்” என்றாய். சிரித்தாய். அன்று என் பங்கு மணலையும் நீதான் அள்ளினாய்.

பழைய மீட்டர்கேஜ் பாதைக்கு அதுதான் கடைசி நாள் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. வழக்கம்போல நோட்டை மாற்றிக்கொண்டு பிரிந்தோம். மறுநாள் ஆளுக்கொரு திசையில் வேலை போட்டுவிட்டார்கள். என் நோட்டு உன்னிடமும் உன்னுடையது என்னிடமும் தங்கிவிட்டது. அகலப் பாதை வந்தது. பக்கத்தில் ரோடும் அகலமானது. அந்த மேட்டு மணலை லாரி லாரியாக அள்ளி ரோட்டுக்கே கொட்டினார்கள். வருசக்கணக்காக நாம் மல்லுக்கட்டிய மணல்மேடு இருந்த இடம் இப்போது வெறும் பள்ளம்.

ஓய்வு பெற்ற பிறகு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் போன் செய்வாய். “எப்ப மச்சான் எந்நோட்டக் கொண்டாந்து குடுக்கப் போற?” என்பதுதான் முதல் பேச்சு. “அந்தக் கல்லுகிட்டயே நின்னு மாத்திக்குவோம் மாப்ள” என்பேன். பிறகு ஒரு வெள்ளி போன் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. எனக்கு ரோஷம். அவனே கூப்பிடட்டும் என்று இருந்துவிட்டேன். இரண்டு பஸ் மாறினால் உன் வீடு. நீ வராதபோது நான் நடந்திருக்க வேண்டும், மாப்ள. நடக்கவில்லை. அதை எப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் தப்பு என்னுடையதுதான்.

செய்தி எட்டி, உன் அடக்கம் முடிந்து மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தேன். உன் வீட்டுக்காரி கதவுக்குப் பின்னால் நின்று பேசினாள்.

“படுக்கையில கிடக்கயிலயும் ஒங்களத்தாண்ணே கேட்டுக்கிட்டிருந்தாக. போன் பண்ணவான்னா வேணாம்னுட்டாக. அவன் தேடி வருவான்னாக.”

உள்ளே போய் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய என் நோட்டைக் கொண்டுவந்தாள். “வெள்ளையடிக்கயில கூட இத யாரையும் தொட விடல.”

கையை நீட்டினேன். பிறகு மடக்கிக்கொண்டேன்.

“அது இங்கனயே இருக்கட்டும்த்தா. நேர்ல பாத்துத்தான் மாத்திக்கணும்.”

அவள் அதை எடுத்துப்போய் உன் அலமாரியில் வைத்தாள்.

உன் நோட்டைத் துடைத்துப் பெட்டியில் வேட்டிகளுக்கு மேலே வைத்திருக்கிறேன். அரை மணி நேரம் எப்போதோ ஆகிவிட்டது. இந்தத் தடவையும் நீதான் முந்திப்போய் உட்கார்ந்திருக்கிறாய். நான் வந்துகொண்டிருக்கிறேன்.