படத்தில் இருக்கும் ஸ்டெல்லா

செவ்வாய், இரவு

நான் வயதைக் குறைத்துச் சொன்னவள் அல்ல. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வீட்டில் எல்லோரும் அப்படிச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள். வம்சாவளி எழுதும் மருமகள் ஷீலா, நாங்கள் முன்பிருந்த பங்குக் கோயிலிலிருந்து என் ஞானஸ்நானச் சான்றிதழை வாங்கி வந்தாள். பெயர் ஸ்டெல்லா. பெற்றோர் பெயரும் சரி. ஆனால் என் கான்வென்ட் பள்ளிச் சான்றிதழைவிட அதில் மூன்று வயது கூடுதல்.

"அத்தை, மாமாவை நல்லா ஏமாத்திட்டீங்க! நீங்கதான் அவரைவிட மூத்தவங்க" என்றாள்.

இன்று மாலை, பம்மலில் இருக்கும் பெரியம்மா மகள் மேரி அக்காவுக்கு போன் செய்தேன். என் பக்கம் பேச ஒரு சாட்சி வேண்டியிருந்தது.

"அது நீ இல்லடி. உனக்கு முன்னாடி ஒரு ஸ்டெல்லா இருந்தா. ஒரு வயசுல காய்ச்சல்ல போயிட்டா. சித்தி அதே பேரை உனக்கு வச்சாங்க. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்?"

ஷீலாவிடம் சொன்னேன். "சாரி அத்தை" என்று வம்சாவளித் தாளில் என் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டாள். இரண்டிலும் ஒரே பெயர். நான் சொன்னதே சரி என்றாகிவிட்டது. சந்தோஷம் இல்லை, அழுகையும் வரவில்லை. இட்லி சாப்பிட்டேன், மாத்திரை போட்டேன்.

கூடத்தில் அம்மா மடியில் ஒரு குழந்தையோடு இருக்கும் படம் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் "இது நான்" என்று காட்டியிருக்கிறேன். அம்மா பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறாள். ஒரு நாளும் திருத்தியதில்லை.

நாளை மேரி அக்காவுக்கு இவ்வளவுதான் எழுத வேண்டும்: அக்கா, அந்தப் படத்தில் இருப்பது அவளா, நானா? போனில் வேண்டாம். உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள்.