நிரந்தரத் தாசில்தார் வரும்வரை

அனுப்புநர்:
கோ. பரசுராமன், விவசாயி,
ஆரம்பாக்கம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: பதினான்கு மாதங்களாகத் தாசில்தார் நியமிக்கப்படாததால் என் மகளின் சான்றிதழ் நின்றுபோனது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் செண்பகம் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்க, வருமானச் சான்றிதழில் தாசில்தார் கையொப்பம் வேண்டும். கடைசி நாள் இம்மாதம் 30. சென்ற ஆண்டும் இதே கையொப்பம் கிடைக்காமல் வாய்ப்புப் போயிற்று. அடுத்த ஆண்டு வயது வரம்பு தாண்டிவிடும்.

2. பழைய தாசில்தார் ஓய்வுபெற்ற பின் இதுவரை மூன்று பேர் 'பொறுப்பு' பார்த்திருக்கிறார்கள். மூவரும் நல்ல மனிதர்கள், உட்காரச் சொல்வார்கள். கையொப்பம் மட்டும் போடமாட்டார்கள். இப்போது இருப்பவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நான் இன்னாய்யா பண்றது? பர்மனென்ட் ஆளு வந்து போடட்டும். நான் போட்டுட்டு நாளைக்கு யாருக்கு பதில் சொல்லிக்கினு இருக்கறது?"

3. தாலுகா அலுவலகத்தில் காத்திருந்த நாட்களில் எதிரிலுள்ள நூலகத்தில் உட்கார்ந்து, பிற நாடுகளில் பெரிய அதிகாரிகளை எப்படி நியமிக்கிறார்கள் என்று படித்தேன். இல்லாவிட்டால் இதெல்லாம் எனக்குத் தெரிய நியாயமில்லை. அமெரிக்காவில் ஜனாதிபதி ஒருவர் பெயரைச் சொன்னால், செனட் சபையார் அவரை எதிரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டு, ஓட்டுப் போட்டு ஒப்புகிறார்கள். இங்கிலாந்தில் மந்திரி மாறினாலும் இலாகாவின் நிரந்தரச் செயலாளர் அப்படியே இருந்து வேலையைப் பார்க்கிறார். பிரான்சில் பெரிய பதவிகளுக்கு மந்திரிசபை கூடி முடிவு செய்கிறது. தாசில்தார் அவ்வளவு பெரியவரல்ல என்பது தெரியும். ஆனால் எங்களுக்கு மந்திரியிடம் ஆகவேண்டிய வேலை ஒன்றுமில்லை. நாங்கள் யாரையும் கேள்வி கேட்கவும் மாட்டோம். ஆள் வந்தால் போதும்.

4. சென்ற தை மாதம், புதுத் தாசில்தார் காலை ரயிலில் வருகிறார் என்று செய்தி வந்தது. ஊரார் மாலையும் எலுமிச்சம்பழமும் வாங்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டி ரயிலடிக்குப் போனோம். முதல் வகுப்பிலிருந்து பேண்ட் போட்டு இறங்கியவருக்கு மாலை போட்டு, பழம் கொடுத்து, நான் சான்றிதழையும் நீட்டினேன். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, எங்கே போட வேண்டும் என்று கேட்டார். பிறகுதான் தெரிந்தது, அவர் புதுத் தொழிற்சாலைக்கு மிஷின் பூட்ட வந்தவர். இதுவரை என் மகளுக்காகப் பேனா எடுத்தவர் அவர் ஒருவரே. எனக்கு வெட்கமாக இருந்தது.

5. அதன் பின்னும் இரண்டு முறை செய்தி வந்து, இரண்டு முறை பழம் வாங்கினோம். யாரும் வரவில்லை. "அத்த ஊறுகா போட்டிருந்தா வருஷம் முச்சூடும் தின்னுக்கினு இருந்திருக்கலாம்" என்று என் மனைவி மணியம்மாள் சொல்கிறாள். செண்பகம் விண்ணப்பத் தாளைத் தினமும் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைக்கிறாள். எனக்கு அதுதான் தாளவில்லை.

6. ஆகவே, உடனே ஒருவரை நியமிக்க வேண்டும். முடியாவிட்டால், பொறுப்பில் இருப்பவர் கையொப்பமும் செல்லும் என்று ஓர் உத்தரவாவது அனுப்ப வேண்டும். இரண்டும் தாமதமானால், தாங்களே கையொப்பமிட்டு உதவ வேண்டுகிறேன். சான்றிதழை வரும் திங்கட்கிழமை மகளுடன் நேரில் கொண்டுவருகிறேன். இம்முறை எலுமிச்சம்பழம் இல்லை, பேனா கொண்டுவருகிறேன்.

இடம்: ஆரம்பாக்கம்
நாள்: 14-6-1972

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
கோ. பரசுராமன்