கடைசி ஸ்டாப் கடைகளில் அப்பாவும் நானும்

பாப்பா,

நீ அங்க சுகமா இருக்கணும், வேளைக்குச் சாப்பிடணும், காலையில கண்ணு முழிச்சதும் நான் முதல்ல நினைக்கிறது அதைத்தான். நாங்களும் நல்லா இருக்கோம்னு எழுதலாம்னுதான் பேனாவை எடுத்தேன், கை எழுத மாட்டேங்குது, அதனால இருக்கிறதை இருக்கிறபடியே எழுதிடறேன். ஃபோன்ல பேசும்போது அப்பா பக்கத்துலயே உக்காந்திருக்கார், நம்ம வீடு உனக்குத் தெரியாததா, ஒரே ஒரு அறையும் ஒரு அடுப்படியும், இங்க கிசுகிசுத்தா அங்க இருமல் வரும். அதனாலதான் தையல் கடையில மதியம் மெஷினை நிறுத்திட்டு, துணி வெட்டற மேஜை மேல பேப்பரை வச்சு எழுதறேன். முதலாளியம்மா எட்டிப் பார்த்து, என்ன காதல் கடிதமான்னு கேட்டா. ஆமா, இந்த வயசுல அது ஒண்ணுதான் குறைச்சல்னேன்.

நீ போன மாசம் அப்பாகிட்ட கேட்டியே, அந்த ஊர்ல கண்ணுல படற கடையெல்லாம் ஒண்ணு யானை விலை குதிரை விலையா இருக்கு, இல்லைன்னா அட்டையைக் கடிச்ச மாதிரி இருக்கு, பஸ் ஓட்டின காலத்துல நீங்க மட்டும் எப்படிப்பா அவ்வளவு கடை கண்டுபிடிச்சீங்கன்னு. அன்னைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்கணும் நீ. கை நடுங்குது, என்னால முடியல, நீயே எழுதிடுன்னு சொல்லி வாயால ஒப்பிச்சார், அதை முதல்ல எழுதிடறேன், எழுதலைன்னா கேட்பார். பஸ்ஸுல ஏறினா கடைசி ஸ்டாப் வரைக்கும் போகணுமாம், நடுவுல எங்கயும் இறங்கக் கூடாதாம். அங்கதான் வாடகை கம்மி, பிழைக்க வந்தவங்க அங்கதான் குடியிருப்பாங்க, அவங்கவங்க ஊர்ச் சாப்பாடு அங்கதான் அசலா கிடைக்கும்கறார். போர்டுல இருக்கிற எழுத்து உனக்குப் படிக்கத் தெரியலைன்னா தைரியமா உள்ள போ, படம் போட்டு உனக்குப் புரியற பாஷையில எழுதியிருந்தா அது உன்னை மாதிரி ஆளுங்களுக்காக வேஷம் கட்டின கடை, திரும்பி வந்துடு. வேலை முடிஞ்சு வந்தவங்க தலை நிமிராம சாப்பிடறாங்களா, கடைக்காரர் பிள்ளைங்க ஒரு மேஜையில உக்காந்து பாடம் எழுதுதுங்களா, அதைப் பார்க்கணுமாம். என்ன கேட்கறதுன்னு தெரியலைன்னா பக்கத்து மேஜையைக் கையால காட்டு, ஆனா தட்டைக் காட்டணும், ஆளைக் காட்டிடாதே, வம்பாயிடும். முதல் வாய் பிடிக்கலைன்னா முகத்தைச் சுளிக்காம இன்னும் ரெண்டு வாய் சாப்பிடணும், புது ருசிக்கு நாக்கு வழிவிடக் கொஞ்சம் நேரம் ஆகுமாம். இது அவர் சொன்னது. நான் சொல்றது, குடிக்கிற தண்ணியைக் கையோட எடுத்துட்டுப் போ, துணைக்கு யாரையாவது கூட்டிக்கோ, இருட்டறதுக்குள்ள ரூமுக்கு வந்து சேரு.

இந்தக் கடைகளுக்கெல்லாம் நான் அவரோட ஒரு நாளும் போனவ இல்லைன்னு உனக்கே தெரியும். ஊரெல்லாம் சுத்திக் கண்டதையும் தின்னுட்டு வந்து, என் சமையல்ல காரம் பத்தலைம்பார், எனக்குப் பத்திக்கிட்டு வரும். நாக்கை நாலு முழத்துக்கு வளர்த்து வச்சிருக்கீங்கன்னு திட்டுவேன், சிரிச்சுக்கிட்டே நீயும் வாயேன்னு கூப்பிடுவார், எனக்குத் தைக்கிற வேலை கிடக்குதும்பேன். அப்படிப்பட்ட நாக்கு அது. தொண்டையில கட்டின்னு சொல்லி ஆஸ்பத்திரியில ரேடியேஷன் கரண்ட் வச்சாங்களே, அது முடிஞ்சதுலேர்ந்து அந்த நாக்கு செத்துப்போச்சு. கட்டி கரைஞ்சதுன்னு உன்கிட்ட சொன்னது நிஜம்தான். வாய்க்கு ருசி கொஞ்சம் மட்டம்னு சொன்னோமே, அதுதான் பாதி நிஜம். கஞ்சி வச்சாலும் பால் வச்சாலும் ரெண்டு வாய்ல தள்ளி வச்சுடுவார். எடை இறங்கிக்கிட்டே போச்சு. இன்னும் இறங்கினா வயித்துல ஓட்டை போட்டுக் குழாய் வச்சுதான் சாப்பாடு ஊத்தணும், தொண்டை வேற சுருங்கிக்கிட்டு வருது, முழுங்காம விட்டுட்டா அது அப்படியே பழகிடும், அப்புறம் வாயால சாப்பிடறது சந்தேகம்தான்னு டாக்டர் சொல்லிட்டார். அங்க இருக்கிற நர்ஸ் ஒருத்திதான், பழகின ருசி எடுபடாதும்மா, புதுசா, புளிப்போ வாடையோ தூக்கலா எதையாவது கொடுத்துப் பாருங்க, சில பேருக்கு நாக்கு முழிச்சுக்கும்னு சொன்னா.

சரி, அவரோட கடைகளுக்கே கூட்டிட்டுப் போய்ப் பார்ப்போம்னு கிளம்பினேன். முதல்ல மார்க்கெட் பின்னாடி ஒரு கடை, எந்த மலைநாட்டுலேர்ந்தோ பிழைக்க வந்த புருஷனும் பொண்டாட்டியும் நடத்தறது. பாதி முடி வெட்டற கடை, பாதி சாப்பாட்டுக் கடை, இந்தப் பக்கம் கத்திரிக்கோல் சத்தம், அந்தப் பக்கம் கொதிக்கிற சத்தம், எனக்கு உள்ள கால் வைக்கவே கூசுது. அப்பா மாப்பிள்ளை மாதிரி நடந்து போய் உக்காந்து பக்கத்துத் தட்டைக் காட்டினார். புளிக்க வச்ச கீரையும் கொழுப்பும் போட்ட கெட்டிக் குழம்பு ஒண்ணு வந்தது, வாடை மூக்கைத் துளைக்குது. அவர் ஒரு ஸ்பூன் வாயில வச்சு, கண்ணை மூடி, லேசாப் புளிப்பு தெரியுதுடின்னார். எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாரு. அந்தச் சந்தோஷத்துல அந்த நாத்தக் குழம்பை நானும் சாப்பிட்டேன், கொஞ்ச நேரத்துல எனக்கே பிடிச்சும்போச்சு, யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதே. அப்புறம் ஞாயிறு வந்தா ஒரு கடை. தீவுக்காரங்க கடையில எலுமிச்சையில ஊறின பச்சை மீன், பாலைவனத்துக்காரங்க கடையில எல்லாரும் ஒரே தட்டுலேர்ந்து பிச்சுச் சாப்பிடற பெரிய ரொட்டி, நம்ம வீட்டுல உலை வைக்கிற செலவுக்குள்ளதான் எல்லாமே. ஒவ்வொண்ணுலயும் அவர் ஒரு ருசி சொல்வார், நாலு வாய் சாப்பிடுவார், போதும், நீ முடின்னு தட்டை என் பக்கம் தள்ளிடுவார். ஃபோன்ல உன்கிட்ட கசப்பு பின்னாடிதான் வருது, மிளகு முன்னாடி வருதுன்னு அளந்தாரே, எல்லாம் அப்போதான். உன் சித்தப்பா ஒரு நாள் ஒரு சீப்புப் பழத்தோட வந்து, இந்தக் கண்ட கடைச் சோறுதான் அண்ணனுக்குத் தொண்டையில வந்து நின்னுதுன்னு சட்டம் பேசினார். உங்க அண்ணனுக்கு இன்னைக்கு இறங்கற நாலு வாயும் அந்தக் கடைச் சோறுதான், கிளம்புங்கன்னுட்டேன். பாவம், பழத்தை வச்சுட்டுத்தான் போனார்.

ஆனா எடை மட்டும் ஏறலை. சட்டையை இடுப்புல பிடிச்சுப் பிடிச்சுத் தச்சது நான்தானே, எனக்குத் தெரியாதா. அப்படி இருக்கும்போதுதான், ஐஸ் கிடங்குக்குப் பின்னாடி ஒரு கடை இருக்கு, அவர் ஓட்டின காலத்துல இல்லாத புது ரூட்டுன்னு ஒரு கண்டக்டர் சொல்லி அங்க போனோம். ஈரத் தரை, முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்ட ஆளுங்க, போர்டுல கோழி கிறுக்கின மாதிரி எழுத்து. உக்காந்ததும் கடைக்காரம்மா பெரிய கிண்ணத்துல ஆவி பறக்க வெந்நீரைக் கொண்டுவந்து வச்சா, அதுக்குள்ள ரெண்டு ஸ்பூன், ரெண்டு சின்ன கப். பக்கத்து மேஜையைப் பார்த்தேன், அவங்க அதுல ஸ்பூனையும் கப்பையும் அலசி எடுத்துட்டுத் தண்ணியைக் கீழ இருக்கிற வாளியில ஊத்தறாங்க. சாப்பிடறதுக்கு முன்னாடி அவங்கவங்க பாத்திரத்தை அவங்கவங்களே அலசிக்கிறது போலிருக்கு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அப்பா கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து ஸ்பூனால அள்ளிக் குடிச்சார். இன்னொரு ஸ்பூன் குடிச்சார். கண்ணை மூடிக்கிட்டு, எலும்பு நல்லா வெந்து இறங்கியிருக்கு, புளிப்புதான் கொஞ்சம் தூக்கல்னார்.

கடைக்காரம்மா பதறிக்கிட்டு ஓடி வந்தா. நான் மேஜைக்குக் கீழ மெல்லக் கையைக் காட்டினேன், வேண்டாம்னு. அவ என்னையும் பார்த்தா, அவரையும் பார்த்தா, அப்படியே நின்னுட்டா. நானும் ஒரு ஸ்பூன் எடுத்துக் குடிச்சேன். வெறும் வெந்நீர் பாப்பா. ஆமா, நல்லாத்தான் இருக்கு, உப்பு மட்டும் கொஞ்சம் கம்மின்னேன். அப்புறம் நிஜச் சாப்பாடு வந்தது, என்ன வந்ததுன்னு கேட்டா எனக்கு ஞாபகம் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ல அழுகை வரலை, கோபம்தான் வந்தது. யாருக்காக இந்த நாடகம், என்னை என்ன சின்னப் பிள்ளைன்னு நினைச்சுட்டாரான்னு. கேட்கவும் மனசு வரலை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டே வீடு வந்து சேர்ந்தேன்.

அந்த வாரமே ஆஸ்பத்திரியில எடை பார்த்தாங்க. இனிமே தள்ளிப்போட முடியாது, குழாய் வச்சுடலாம்னார் டாக்டர். ஏதாவது ருசி தெரியுதான்னு நேராவே கேட்டார். அப்பா என் பக்கம் திரும்பாம, கரண்ட் வச்சதுலேர்ந்து ஒண்ணும் தெரியலை, எதை வச்சாலும் நனைஞ்ச பஞ்சு மாதிரிதான் இருக்குன்னு சொன்னார். அப்புறம் எதுக்கு இந்த உடம்போட கடை கடையா அலையறீங்கன்னு டாக்டர் கேட்டதுக்கு அவர் சொன்னதை அப்படியே எழுதறேன். "இவ சாப்பிடறா டாக்டர். இத்தனை வருஷமா கூப்பிட்டேன், இப்போதான் வந்து எதிர்ல உக்காந்து சாப்பிடறா. எனக்கு ருசி தெரியலைன்னா நாளைக்கே வர்றதை நிறுத்திடுவா." நான் வெளிய வந்து மருந்து வாங்கற வரிசையில நின்னேன், வரிசை நீளமா இருந்தது.

குழாய் வச்சாச்சு. உன்கிட்ட சொன்னா அடிச்சுப் பிடிச்சு ஓடி வருவே, வேலைக்கு ஏதாவது ஆயிடும்னு அவர்தான் சொல்ல விடலை. வேளாவேளைக்கு நான்தான் ஊத்தறேன், எடை கொஞ்சம் ஏறியிருக்கு, அதுக்கு நாம சந்தோஷப்படணும். வாயில மட்டும் எதுவும் வைக்கிறதில்லை. முழுங்கிப் பாருங்கன்னா தலையை ஆட்டிடறார், தண்ணி வச்சாலே இருமல் வந்துடுது. இந்த ஞாயிறு காலையில பார்த்தா, குழாயைச் சட்டைக்குள்ள சொருகிக்கிட்டு, செருப்பு மாட்டி வாசல்ல நிக்கிறார். எங்கன்னேன். கடைக்குத்தான், நீ சாப்பிட வேண்டாமான்னார். அந்த ஐஸ் கிடங்குக் கடைக்கே போனோம். ஒரு தட்டு மட்டும் கேட்டு வாங்கி என் முன்னாடி வச்சுட்டு, எதிர்ல உக்காந்து என் வாயையே பார்க்கிறார். சொல்லு, எப்படி இருக்குங்கறார். எனக்கு ஒண்ணுமே தெரியலை பாப்பா. உன் மேல ஆணையா சொல்றேன், புளிப்பும் இல்லை காரமும் இல்லை, சூடு மட்டும்தான் தெரிஞ்சுது. கண்ணை மூடிக்கிட்டு, இஞ்சி தூக்கல், எலும்பு நல்லா வெந்திருக்கு, கடைசியில லேசாக் கசக்குதுன்னு வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். கண்ணைத் திறந்து பார்த்தா அவர் எச்சிலை முழுங்கறார். இருமல் வரலை. நான் தட்டை வழிச்சுச் சாப்பிட்டேன்.

லீவு கிடைச்சா வா, கிடைக்கலைன்னாலும் வா. வரும்போது ஒண்ணும் வாங்கிட்டு வராதே, நல்ல பசியோட வந்து எங்க கூட உக்காந்து சாப்பிடு. உனக்கு ருசி தெரியும், நீ நிஜத்தைச் சொல்லு அவருக்கு. நான் ஒருத்தியா எத்தனை நாளைக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கிட்டு இருப்பேன்.

உனக்கு நோய் நொடி எதுவும் அண்டாம, பசிச்ச நேரத்துக்குச் சோறும் அந்தச் சோத்துக்கு ருசியும் என்னைக்கும் இருக்கணும், அதுதான் என் ஆசீர்வாதம். கதவைத் தாள் போட்டுட்டுப் படு. அப்பா ஒப்பிச்சதைத் தவிர இதுல நான் எழுதினது எதையும் ஃபோன்ல காட்டிக்காதே.

உன்னைப் பார்க்கக் காத்துக்கிட்டிருக்கிற
அம்மா