அணைக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள்

அனுப்புநர்: இவ்வூர்வாசி ஒருவன்.

பெறுநர்: கண்காணிப்புப் பொறியாளர், அணைப் பாதுகாப்புப் பிரிவு.

பொருள்: குடியிருப்போர் சங்கத்துக்குச் சொந்தமான மண் அணையைக் ‘குறைந்த ஆபத்து’ வகையிலிருந்து ‘அதிக ஆபத்து’ வகைக்கு மாற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இவ்வளவு காலம் வாய்மூடி இருந்தது போதும் என்று இதை எழுதுகிறேன். அணை உடைந்தால் கீழே யார் உயிர் போகும் என்பதை வைத்தே ஆபத்து வகை முடிவாகிறது, தாங்கள் அறியாததல்ல. எங்கள் அணையை வகைப்படுத்தியபோது கீழ்ச்சரிவில் புல்லும் முள்ளும் மட்டுமே இருந்தன. இன்று அங்கே ஒரு வீடு இருக்கிறது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். சங்கமோ ஆண்டுதோறும் ‘மாற்றம் ஏதுமில்லை’ என்றே தங்களுக்கு எழுதுகிறது. வகை மாறினால் உபரிநீர் வழியும் கலிங்கை அகலப்படுத்த வேண்டும், நீர்மட்டத்தைக் குறைக்க வேண்டும். படகுத்துறை சேற்றில் நிற்கும். தலைவருக்குப் படகு இருக்கிறது.

2. கரையின் அடிவாரத்தில் கோடையிலும் காயாத ஈரம். அந்த வீட்டு அம்மாள் அதில் காய்கறிப் பாத்தி போட்டிருக்கிறார். “எங்க தோட்டத்துக்கு அணையே தண்ணி ஊத்துதுங்க, குடம் தூக்குற வேலையே இல்ல” என்று கடைத்தெருவில் பெருமையாகச் சொல்கிறார். அவர் கொடை என்று நினைப்பது கரையின் கசிவு. சென்ற வாரம் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்த நீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்தேன். அடியில் மண் படிந்தது. தெளிந்த கசிவு சில காலம் பொறுக்கும். கலங்கிய கசிவு கரையை உள்ளிருந்து தின்கிறது.

3. ஆகவே தாங்கள் முன்னறிவிப்பின்றி நேரில் வர வேண்டும். அறிவித்து வந்தால், சென்ற ஆய்வின்போது செய்ததுபோல், நீரைத் தேக்கக் கலிங்கில் செருகியுள்ள பலகைகளை முதல்நாளே உருவி ஒளித்துவிடுவார்கள். நீரை உடனே இறக்கவும், அதுவரை அக்குடும்பத்தை வேறிடத்தில் தங்கவைக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன்.

4. இந்தப் பத்தி தங்கள் பார்வைக்கு மட்டும். ஆகையால் தனித் தாளில் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடலாம். அந்த வீட்டுக்காரன் என் தம்பி. பொறியாளரை அழைப்போம் என்று சங்கக் கூட்டத்தில் நான் சொன்னபோது, “எங்க அண்ணனுக்கு எதுலயும் ஓட்டை தேடுறதுதான் வேலை. பொண்ணு பாக்கப் போன எடத்துலயும் தேடினாரு, அதான் இன்னும் தனிக்கட்டை” என்றான். சபையே சிரித்தது. தலைவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அதை நான் மறக்கவில்லை. மறக்கும் உத்தேசமும் இல்லை. அன்றோடு பேச்சு நின்றது.

மாலையில் கரைமேல் நடக்கிறேன். அவன் சமையலறை விளக்கு தெரியும். கொடியில் காயும் சட்டைகள் நீள்வதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் வளர்வதை அறிகிறேன். ‘பெரியப்பா’ என்று ஒருமுறை கூப்பிடமாட்டார்களா என்று சற்று நேரம் அங்கேயே நிற்பேன். கூப்பிட்டால் சொல்ல வேண்டியதையும் யோசித்து வைத்திருக்கிறேன்: “அப்பாகிட்ட சொல்லுங்க, மேட்டுல என் வீட்டுல ரெண்டு ரூம் சும்மாதான் கெடக்கு.”

என் பெயர் இருந்தால் சங்கம் இதைப் பழைய பகை என்று ஒதுக்கும். தம்பி வீம்புக்காகவே அங்கே கிடப்பான். எங்கள் ரத்தம் அப்படி. அரசாங்கம் சொன்னால் கேட்பான். என் கையெழுத்து அவர்களுக்குத் தெரியும்; முதல் தாளைத் தட்டச்சு செய்ததும் இதற்குத்தான்.

இடம்: அணைக்கு மேற்புறம்.

நாள்: மழை தொடங்குமுன்.

கையொப்பம்: இதற்கு விட்ட இடம் காலியாகவே இருக்கட்டும். இப்படியே அஞ்சலில் சேர்க்கிறேன்.